கடை விளம்பரத்துல "ஜிபே பண்ணு", "ஜெராக்ஸ் எடு"ன்னு எழுதப்போறீங்களா? இத பாத்துட்டு எழுதுங்க

வடசேரி சந்தையில மீன் விக்கிற அக்கா மாட்டிருக்கது போன்பே ஸ்கேனர், ஆனா வாயில வர்றது "ஜிபே பண்ணிரு மக்கா"தான், நாமளும் பேடிஎம்ல அனுப்பிட்டு சாளைய வாங்கிட்டு வந்துருவோம். பேச்சுல இதுக்கு ஒரு தடையும் கெடையாது. விளம்பரம்னு வந்தாத்தான் கொஞ்சம் பாத்து எழுதணும்.

மொதல்ல வேலையோட பேர எழுதுங்க. பிளக்ஸ்ல "போட்டோஷாப் பண்ணித் தரப்படும்"னு போடாம "பழைய போட்டோ சரி பண்ணித் தரப்படும்"னு போட்டா வர்ற ஆளுக்கும் வெளங்கும், போட்டோஷாப் கம்பெனியான அடோபியும் எங்க பேர வினையா எழுதாதீங்கன்னுதான் சொல்லுது. அதே மாதிரி "ஜிபே பண்ணலாம்"ங்கறத விட "யுபிஐ உண்டு" நல்லது, வேற ஆப் வச்சிருக்கவன் தயங்கமாட்டாம்லா.

ஜெராக்ஸ் தனிக் கத. தக்கலையிலயோ மார்த்தாண்டத்துலயோ "நகலகம்"னு மட்டும் போர்டு வச்சா, ரேஷன் கார்ட தூக்கிட்டு அவசரமா ஓடி வர்றவங்க தாண்டிப் போயிருவாங்க, அதனால ரெண்டையும் எழுதுங்கன்னுதான் நான் சொல்லுவேன், ஆனா ஜெராக்ஸ்ங்கறது ஒரு கம்பெனி பேரு, அதோட லோகோவ நெட்ல எடுத்து ஒட்டிராதீங்க. அடுத்தவங்க பிராண்ட விளம்பரத்துல நேர்மையில்லாம பயன்படுத்துறதும் அதோட தனித்தன்மைய கெடுக்குறதும் மீறல்னு 1999 டிரேட்மார்க் சட்டம் பிரிவு 29ல இருக்கு.

கம்பெனிக்காரனுக்கு ஏன் இவ்ளோ பயம்னா, பிராண்டு பேரு அந்த பொருளுக்கே பொதுப்பேரா ஆயிட்டா உரிமையும் போயிரும். அமெரிக்காவுல ஆஸ்பிரின் 1921ல போச்சு, எஸ்கலேட்டர் 1950ல போச்சு. அதுக்காக வினையான ஒடனே போயிரும்னு இல்ல, ஜனங்க "கூகுள் பண்ணு"ன்னு சொல்றதால மட்டும் உரிமை போவாதுன்னு 2017ல அங்க அப்பீல் கோர்ட் சொல்லிருச்சி.

இனி உங்க சொந்த பிராண்டு. தேனோ நேந்திரங்கா சிப்ஸோ விக்கிறீங்க, பேர வினையாக்கி ஸ்டேட்டஸ் போடலாமான்னா தாராளமா போடுங்க, ஜனங்க எடுத்துக்கிடுவாங்களாங்கறது வேற விஷயம். யாஹூ 1996லயே "நீங்க யாஹூ பண்றீங்களா"ன்னு விளம்பரம் போட்டும் ஒட்டல, கூகுள் கேக்காமலே ஒட்டிச்சு. ஆனா பாக்கெட்டுல பேருக்குப் பக்கத்துல "தேன்", "சிப்ஸ்"னு பொருள் பேரு கண்டிப்பா இருக்கணும். யாவாரம் ஓடுதுன்னா டிரேட்மார்க்கும் போட்டுருங்க, ஆன்லைன்ல தனி ஆளுக்கும் சின்ன தொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபா, தேனுக்கு வகுப்பு 30, சிப்ஸுக்கு 29. வட்டத்துக்குள்ள ஆர் போடுற குறிய பதிவு கெடச்ச பொறவுதான் போடணும், அதுவர டிஎம்னு போடுங்க.