பேரத்துக்கு முன்னால் பொருளைப் பாருங்கள்: கைவினைச் சந்தையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயணம் முடிந்து வந்தவர்களிடம், வாங்கி வந்ததைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பலரும் முதலில் சொல்வது விலையைத்தான். "பாதிக்கும் கீழே குறைத்து வாங்கினேன்" என்பார்கள். அது என்ன நூல், என்ன மரம், யார் செய்தது என்று கேட்டால் பதில் வராது. நானும் பல வருடம் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒருமுறை கைத்தறிக் கம்பளிச் சால்வை என்று சொன்னதை மூன்றில் ஒரு பங்கு விலைக்குப் பேசி வாங்கினேன். அறைக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தால் அது பாலியெஸ்டர். பேரத்தில் நான் ஜெயித்திருந்தேன், பொருளில் தோற்றிருந்தேன். கைவினைச் சந்தையில் நாம் செய்யும் பெரும்பாலான தவறுகள் இதே இடத்தில்தான் தொடங்குகின்றன. கண் விலையில் இருக்கிறது, பொருளில் இல்லை.

முதல் கடையிலேயே, கையில் எடுத்த முதல் பொருளுக்கே "எவ்வளவு?" என்று கேட்டுவிடுகிறோம். கேட்ட அந்த நொடியே பேரம் தொடங்கிவிடுகிறது. அதன் பிறகு பொருளை நிதானமாகப் புரட்டிப் பார்க்க மனம் ஓடாது. சந்தையை ஒரு சுற்று சும்மா சுற்றி வாருங்கள். ஒரே பொம்மை, ஒரே சிரிப்பு, ஒரே கோணல் இல்லாத கோடு என்று ஐந்து கடையில் அச்சு அசலாக அடுக்கியிருந்தால் அது தொழிற்சாலைச் சரக்காக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கையால் செய்ததில் ஒன்றுக்கொன்று சின்ன வித்தியாசமாவது இருக்கும். பக்கத்தில் அரசு விற்பனை நிலையமோ கைவினைஞர் கூட்டுறவுக் கடையோ இருந்தால், வாங்காவிட்டாலும் முதலில் அங்கே போய் விலையையும் தரத்தையும் பார்த்துவிடுங்கள். பேசத் தொடங்கும்போது அது பெரிய பலம்.

கடைக்காரர் காட்டும் சோதனையை அப்படியே நம்பிவிடுவது அடுத்த தவறு. மோதிரத்துக்குள் சால்வையை இழுத்துக் காட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது எதையும் நிரூபிக்காது. மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழைத் துணியும் மெல்லியதாக இருந்தால் மோதிரத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும். அதைவிட நம்பகமானது நூலைக் கொளுத்திப் பார்ப்பது. ஓரத்தில் பிரிந்து நிற்கும் ஒரு நூலைக் கேட்டு வாங்கி, கடைக்கு வெளியே, துணிகளுக்கு எட்டத்தில் வைத்துக் கொளுத்துங்கள். பட்டும் கம்பளியும் முடி கருகுகிற வாசனையோடு எரியும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். காகிதம் எரிகிற வாசனை வந்தால் பருத்தி அல்லது ரேயான். ஆனால் கலப்பு நூலில் இந்த முடிவு குழப்பும், குறுக்கே ஓடும் ஊடு நூல் பட்டாகவும் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் வேறாகவும்கூட இருக்கலாம். அதனால் இரண்டு திசையிலிருந்தும் ஒவ்வொரு நூல் பாருங்கள். கொளுத்த விடமாட்டேன் என்றால் அது அவர் உரிமை. அப்போது பட்டு விலை கொடுக்காமல் இருப்பது நம் உரிமை.

கம்பளம் என்றால் கட்டாயம் திருப்பிப் பார்க்க வேண்டும். கையால் முடிச்சுப் போட்டதில் முன்பக்கத்து வடிவம் பின்பக்கத்திலும் கிட்டத்தட்ட அதே தெளிவோடு தெரியும், முடிச்சுகள் லேசாக ஏறி இறங்கி இருக்கும். ஓரத்துக் குஞ்சம் கம்பளத்தின் பாவு நூலே நீண்டு வந்ததாக இருக்கும். குஞ்சத்தைத் தனியாக வைத்துத் தைத்திருந்தால் இயந்திர வேலையாகவோ பின்னால் பழுது பார்த்ததாகவோ இருக்கலாம், ஏன் என்று கேளுங்கள். பின்பக்கம் முழுக்கத் துணி ஒட்டி மூடியிருந்தால் இன்னும் கவனம் தேவை.

வெள்ளி நகையில் 925 முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று பொருள். ஆனால் முத்திரையை யாரும் அடித்துவிடலாம். காந்தம் ஒட்டாததாலேயே வெள்ளி என்று முடிவு கட்டாதீர்கள், பித்தளையும் ஒட்டாது. ஜெர்மன் சில்வர் என்ற பெயரில் கிடைப்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அதில் வெள்ளியே கிடையாது, நிக்கல் சிலருடைய தோலில் அரிப்பையும் உண்டாக்கும். அழகுக்கு அதை வாங்குவதில் தப்பில்லை, வெள்ளி விலைக்கு வாங்குவதுதான் தப்பு.

பளபளக்கும் மண் கிண்ணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சில பாரம்பரிய மெருகுப் பூச்சுகளில் ஈயம் உண்டு. புளிப்பான எதையாவது ஊற்றி வைத்தால் அது கரைந்து உணவில் இறங்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால், தெளிவான உறுதி இல்லாத கிண்ணம் அலமாரியிலேயே இருக்கட்டும்.

சரி, பொருள் பிடித்துவிட்டது. இப்போது பேரம். "சொன்ன விலையில் பாதியிலிருந்து தொடங்கு" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த விதி கடைக்காரருக்கும் தெரியும், அதற்கேற்ப ஏற்றிச் சொல்பவர் ஏற்றித்தான் சொல்வார். நியாயமாகச் சொன்னவரிடமோ அதே பாதி விலை அவர் உழைப்பை அவமதிப்பதாகிவிடும். விதியை விட்டுவிடுங்கள். இந்தப் பொருள் எனக்கு எவ்வளவு பெறும் என்று வாயைத் திறப்பதற்கு முன்பே மனதில் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வந்தால் வாங்குங்கள், வராவிட்டால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். நீங்களே சொன்ன விலைக்கு அவர் ஒத்துக்கொண்ட பிறகு "யோசித்துச் சொல்கிறேன்" என்று நழுவுவது மட்டும் வேண்டாம். சண்டை வருவதும் பெரும்பாலும் அங்கேதான். வாங்கும் எண்ணமே இல்லாததற்கு விலை கேட்டு இழுப்பதும் அதே ரகம்.

செய்தவரே உட்கார்ந்து விற்கிறார் என்றால் நான் அதிகம் பேசுவதில்லை. எத்தனை நாள் வேலை என்று கேட்பேன். அந்த நாட்களால் விலையை வகுத்துப் பார்த்தால் பேசவே வாய் வராமல் போகும், பல நேரம் அப்படித்தான் ஆகிறது. நாலு கை மாறி வந்த சரக்கை விற்கும் வியாபாரியிடம் பேசுவது வேறு கதை. விலை குறைக்கக் கேட்பதற்குப் பதிலாக இரண்டு மூன்றாகச் சேர்த்து வாங்கிக் கேட்டால் இருவருக்கும் சுலபம்.

முடிவான விலையைக் காகிதத்திலோ கால்குலேட்டரிலோ காட்டச் சொல்லி உறுதி செய்யுங்கள். ஒன்றுக்கா, ஜோடிக்கா? எந்த நாணயத்தில்? டாலர் குறியைப் பெசோவுக்கும் போடும் நாடுகள் உண்டு. கார்டு என்றால், உங்கள் ஊர்ப் பணத்திலா இந்த ஊர்ப் பணத்திலா என்று இயந்திரம் கேட்கும்போது கடை இருக்கும் ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். நம் பணத்தில் காட்டுவது வசதிபோலத் தெரிந்தாலும், மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள். கார்டு கண்ணை விட்டுப் போகக் கூடாது. ரொக்கத்தில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் முன்பையில் வையுங்கள், மொத்தக் கட்டையும் கூட்டத்துக்கு நடுவே வெளியே எடுக்காதீர்கள்.

வழியில் தானாக வந்து ஒட்டிக்கொண்டு, "என் உறவினர் பட்டறை, சும்மா பார்க்கத்தான்" என்று கூட்டிப்போகிறவருக்குக் கடையில் கமிஷன் இருக்கும், அது உங்கள் விலையில்தான் ஏறும். தனியாக இருக்கும்போது அப்படி உள் சந்துகளுக்குப் போகவே வேண்டாம்.

பொருளைக் கட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். தேர்ந்தெடுத்தது ஒன்று, பொட்டலத்துக்குள் போனது வேறொன்று என்பது பழைய தந்திரம். அனுப்பி வைக்கிறேன் என்றால் இன்னும் ஆபத்து. முடிந்தவரை கையோடு எடுத்து வாருங்கள். முடியாதபோது பொருளைப் படம் எடுத்து, பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, அளவும் விவரமும் எழுதிய ரசீது வாங்குங்கள்.

கடைசியாக, பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் (CITES) உடன்படிக்கையின் கீழ் யானைத் தந்தம், அழுங்காமை ஓடு, திபெத்திய மானின் ரோமத்தில் நெய்த ஷாதூஷ் சால்வை, சில பவள வகைகள் எல்லாம் கட்டுப்பாட்டில் உள்ளன. "இது ரொம்பப் பழையது, சட்டம் பொருந்தாது" என்பதையும், கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் சான்றிதழையும் நம்பிச் சுங்கத்தில் நிற்காதீர்கள். அனுமதியை அரசு அதிகாரிதான் தர முடியும். பழஞ்சிலை, பழங்காசு விஷயத்திலும் அப்படியே. பல நாடுகள் பழம்பொருள் வெளியே போவதைத் தடுக்கின்றன, இந்தியாவில் பொதுவாக 100 வருட வயதே அதற்குப் போதும். பட்டை உரிக்காத மரம், விதை கோத்த மாலை, பதப்படுத்தாத தோல் போன்றவற்றைப் பூச்சி, நோய் பயத்தால் விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்யலாம். வாங்கும் முன் சொந்த நாட்டுச் சுங்கத் துறையின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்து வாங்கிய பிறகு இரண்டு நிமிடம் அங்கேயே நின்று, சாயம் போகுமா, எப்படித் துவைப்பது, மரத்துக்கு எண்ணெய் போடலாமா, செய்தவர் பெயர் என்ன என்று கேட்டு ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். என் அலமாரியில் இருக்கும் பெட்டிகளுக்குள் இப்போது அந்தச் சீட்டுகள்தான் இருக்கின்றன.