காயலான் கடையில் அதிர்ஷ்டம் தேடுவோர் கவனத்துக்கு

பழைய வெள்ளியை எடைக்கு வாங்கும் கடைகளில், அறுந்த கொலுசும் நசுங்கிய குங்குமச் சிமிழும் கிடக்கும் தட்டில் சில நாள் நான்கைந்து பழைய ரூபாய்களும் கிடக்கும். கடைக்காரருக்கு அவை கிராம் கணக்கு. சேகரிப்பவருக்கு அவை ஆண்டும் நாணயச்சாலையும். அந்த இடைவெளியில்தான் அதிர்ஷ்டம் என்று நாம் சொல்வது இருக்கிறது. ஆனால் பல நேரங்களில் விவரம் தெரியாமல் நிற்பவர் வாங்குபவர்தான்.

"நூற்றைம்பது வருஷப் பழசு" என்ற சொல்லுக்கு மயங்குவதுதான் எல்லோரும் செய்யும் முதல் பிழை. விக்டோரியா ராணியின் தலை பொறித்த 1862 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஆண்டைப் போட்டு 1874 வரை அடித்துத் தள்ளினார்கள். காசின் மேல் நுட்பமான புள்ளி வேறுபாடுகளைத் தேடுபவர்களுக்குத் தவிர மற்றவர்களுக்கு அது சாதாரணக் காசு. இன்னும் பின்னால் போனால், 'ஸ்ரீ ராஜராஜ' என்று நாகரி எழுத்தில் பொறித்த சோழர் செப்புக்காசு ஆயிரம் ஆண்டுப் பழையது. தமிழகத்திலும் இலங்கையிலும் குவியல் குவியலாகக் கிடைத்ததால், தேய்ந்த காசு ஒன்றை மாணவர்கூட வாங்கிவிடலாம். நேர்மாறாக, ஆறாம் ஜார்ஜின் 1939 வெள்ளி ரூபாய்க்கு அவ்வளவு வயதில்லை, அரிதாகக் கிடைப்பதால் விலையோ எங்கோ நிற்கிறது. அதனாலேயே 1938-இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கிய காசுகள் உலவுகின்றன. கடைசி இலக்கத்தைச் சுற்றி உருப்பெருக்கியில் கீறல் தெரிந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

கடலடிப் புதையல் என்றாலும் இதே கதைதான். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடித்த பத்துக் காசு, இருபது காசு செப்பு நாணயங்களை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் ஆங்கிலேயக் கரையை ஒட்டிய குட்வின் மணல்திட்டிலேயே மூழ்கியது. 1980-களில் லட்சக்கணக்கில் அவற்றை மேலே எடுத்தார்கள். கப்பல் மூழ்கிய கதைக்காக அதிக விலை கொடுப்பவர்கள், எத்தனை காசு கரையேறியது என்று கேட்பதே இல்லை.

அடுத்தது, தராசு இல்லாமல் கிளம்புவது. கையடக்க மின்னணுத் தராசும் சிறு காந்தமும் சட்டைப்பையில் இருக்கட்டும். பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம். தேய்மானத்தில் சற்றுக் குறையலாம், ஒன்பது கிராமுக்கு இறங்கினால் அது போலி. அச்சில் ஊற்றி வார்த்த போலியின் பரப்பில் ஊசித்துளைகளும், விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய தையல்கோடும் தென்படும். எடைக்கு வெள்ளி வாங்குபவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள்: 1939 வரையிலான ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் 1945 வரை பாதிதான். புலி போட்ட 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை. அது நிக்கல், காந்தத்தைப் பார்த்ததும் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும்.

நம் ஊருக்கென்றே ஒரு பொறி உண்டு: ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்து, 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818' என்று எழுதிய அணா. அப்படியொரு நாணயத்தைக் கம்பெனி வெளியிட்டதே கிடையாது. சென்னையில் கம்பெனி அடித்த தங்க வராகனில் திருமால் உருவம் இருந்தது உண்மை என்பதால், பொய்க்கும் கொஞ்சம் நிழல் கிடைத்துவிடுகிறது. இதே காசை 'அரிசியை இழுக்கும் செம்பு' என்று லட்சங்களுக்கு விற்கும் கும்பல்களும் இருக்கின்றன. அரிசியில் இரும்புத்தூள், உள்ளே காந்தம்: வித்தை அவ்வளவுதான். படித்தவர்கள் ஏமாறுவதுதான் எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

நான் செய்த பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய பித்தளைச் சாமான்களோடு சேர்த்து மிக மலிவாக வாங்கிய கறுத்த காலணா ஒன்றை, வீட்டுக்கு வந்ததும் புளியும் சாம்பலும் போட்டு விளக்கினேன். புதுக் குத்துவிளக்குபோல் பளபளத்தது. அதைப் பார்த்த மூத்த சேகரிப்பாளர் ஒருவர் எதுவும் பேசவில்லை, திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார். செம்பின் மேல் படிந்த பழுப்பும் பச்சையும் அழுக்கல்ல; உலோகத்தைக் காக்கும் தோல். புளியின் அமிலம் அதோடு எழுத்தின் விளிம்பையும் தின்றுவிடும். சங்ககாலப் பாண்டியன் 'பெருவழுதி'யின் காசை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டது அதன் மேலிருந்த தமிழ்ப் பிராமி எழுத்துகளைக் கொண்டுதான். அப்படியொரு காசு என்னைப்போன்ற ஆளிடம் முதலில் சிக்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே கூசுகிறது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள், நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும்.

கடையில் வாங்குவது ஒன்று, மண்ணில் கிடைப்பது வேறு. கரூர் அமராவதி ஆற்றுமணலில் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைத்த வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்த ஆசை இயல்பு. ஆனால் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவருக்குரிய பங்கு அரசுக்குப் போய்விடும். ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம். அஸ்திவாரம் தோண்டும்போது கலயம் கிடைத்து, வேலையாட்களும் வீட்டுக்காரரும் இரவோடிரவாகப் பங்கு பிரித்துக்கொள்வதில் இழப்பு சட்டத்தோடு நிற்பதில்லை. எந்தக் காசு எதனோடு சேர்ந்து கிடந்தது என்ற செய்தி அன்றே அழிகிறது. நூறாண்டைத் தாண்டிய காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு ஏலத்தில் நல்ல விலை வருமென்று சொல்பவர் இதைச் சொல்லமாட்டார்.

விற்கப் போகும்போதும் வலை விரிந்திருக்கும். வைஷ்ணோதேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய்க் காசுக்கும் 786 எண் நோட்டுக்கும் லட்சங்கள் தருவதாகச் சொல்லி, கமிஷன், வரி, பதிவுக் கட்டணம் என்று முன்பணம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் முத்திரையையும் காட்டுவார்கள். பழைய காசு, நோட்டு வாங்கி விற்பதில் தனக்குத் தொடர்பில்லை, அதற்காக எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. காசை வாங்குபவர் நமக்குப் பணம் தர வேண்டுமா, நாம் அவருக்கா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அழைப்பைத் துண்டியுங்கள்.