ஒன்டாரியோவில் பிரஷர் வாஷிங் தொழில்: செட்டிநாட்டிலிருந்து வருவோர் அறிய வேண்டிய சட்ட நடைமுறைகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கங்களிலிருந்து கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் புதிதாக வருபவர்கள், ஓர் இயந்திரமும் ஒரு வேனும் இருந்தால் போதும் என்று எண்ணி இறங்கும் தொழில்களில், அதிக அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சிச் சுவரையும் தரையையும் கழுவும் பிரஷர் வாஷிங்கும் ஒன்று. இதற்கென மாகாண அளவில் தனி உரிமம் கிடையாது என்பது உண்மையே. ஆனால் உரிமம் வேண்டாம் என்பதைச் சட்டமே இல்லை என்று பொருள்கொள்பவர்கள்தாம் பின்னர் அபராதம் கட்ட நேர்கிறது.

முதலில் உங்கள் குடிவரவு ஆவணத்தைப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு முதலாளியின் பெயரிட்ட வேலை அனுமதியில் வந்தவர், வார இறுதியில்கூடச் சொந்தத் தொழில் செய்ய முடியாது. நிரந்தர வதிவுரிமையோ, ஒரு முதலாளியோடு கட்டிப்போடாத வேலை அனுமதியான ஓபன் வொர்க் பெர்மிட்டோ உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை.

உங்கள் முழுப்பெயரிலேயே தொழில் நடத்தினால் பெயர்ப் பதிவு தேவையில்லை. வேறு பெயர் சூட்டினால் இணையவழியில் 60 டாலர் கட்டிப் பதிய வேண்டும். அது 5 ஆண்டுகள் செல்லும். சில நகராட்சிகள் தனியாக ஒப்பந்தக்காரர் உரிமம் கேட்கக்கூடும் என்பதால், வேலை செய்யப்போகும் ஒவ்வொரு நகரத்தின் உரிமப் பிரிவிலும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் மொத்த வரவு 30,000 டாலரைத் தாண்டினால் எச்எஸ்டி எனப்படும் விற்பனை வரிக்குப் பதிவு கட்டாயம். அதன்பின் ஒவ்வொரு பில்லிலும் 13 விழுக்காடு வரி வாங்கிச் செலுத்த வேண்டும். பதிவதற்கு முன் அந்த வரியை வாங்குவது தவறு. சொந்தத் தொழில் செய்பவர் வருமான வரிப் படிவத்தை ஜூன் 15 வரை தாக்கல் செய்யலாம் என்றாலும், கட்ட வேண்டிய தொகையை ஏப்ரல் 30-க்குள் கட்டாவிட்டால் மே 1-இலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். ரசீதுகளை 6 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பேரேடு எழுதி வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

உண்மையான சிக்கல் கழுவிய தண்ணீரில்தான் இருக்கிறது. தெருவோர இரும்புக் கம்பி மூடியின் வழியே இறங்கும் நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் அது மழைநீர் வடிகால், நேரே ஓடைக்கும் ஏரிக்கும் போய்ச் சேர்வது. நம் வீடுகளின் முற்றத்து மழைநீர் ஊருணிக்குப் போவது போன்ற ஏற்பாடு இது. ஊருணியில் யாரும் பிளீச்சிங் தண்ணீரைக் கலக்க மாட்டார்கள். சில வடிகால்களின் அருகே மஞ்சள் மீன் வரையப்பட்டிருப்பதும் இதை நினைவூட்டத்தான். டொரோண்டோவின் நகராட்சி விதித்தொகுப்பில் 681-ஆம் அத்தியாயம் இந்த வடிகால்களில் கழிவு விடுவதைத் தடுக்கிறது. மீன்கள் வாழும் நீர்நிலையில் கேடு விளைவிக்கும் பொருளைச் சேர்ப்பது கூட்டாட்சியின் மீன்வளச் சட்டப்படியும் குற்றம். ஆகவே வேலை தொடங்குமுன் வடிகால் வாயை ரப்பர் விரிப்பால் மூடி, சோப்பும் எண்ணெயும் கலந்த நீரை உறிஞ்சியெடுத்து, நகராட்சி அனுமதிக்கும் வழியில் மட்டுமே அகற்றுங்கள். இதற்கான செலவையும் சேர்த்தே விலை சொல்லுங்கள். அதை விட்டுவிட்டு மலிவாகக் கேட்பவரோடு போட்டியிடுவது வீண் வேலை.

பொறுப்புக் காப்பீடு எடுக்கும்போது, நீங்கள் கழுவிக்கொண்டிருக்கும் சுவருக்கோ மரத்தளத்துக்கோ ஏற்படும் சேதம் அதில் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள், ஏனெனில் பல பாலிசிகள் அதை விலக்கியே வைத்திருக்கும். சொந்த உபயோகத்துக்கான வாகனக் காப்பீடு தொழிலுக்குச் செல்லாது. ஊர்ப்பையன் ஒருவனைக் கூலிக்கு வைத்தாலும் 10 நாளுக்குள் தொழிலாளர் காப்பீட்டு வாரியத்தில் பதிய வேண்டும். ரசாயனங்களைக் கையாளும் பயிற்சியும் அளிக்க வேண்டும்.

வாடிக்கையாளர் வீட்டு வாசலிலேயே பேசி முடிக்கும் வேலை 50 டாலருக்கு மேற்பட்டதாயின் எழுத்து ஒப்பந்தம் அவசியம். அதன் பிரதி கையில் கிடைத்த 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே அவர் ரத்து செய்யலாம். அந்த உரிமையையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.