பி.டி. பீரியட்டைத் திருப்பிக் கேட்கும் பிள்ளைகள்: சிரிப்பான பள்ளி நாவல் எழுதத் தொடங்குவோருக்கு

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நாவல். சிரிப்பு வர வேண்டும். அதில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்து விதி ஒன்றை எதிர்த்து நிற்க வேண்டும். இப்படி ஓர் ஆசை இருந்து, பேனாவை எங்கே வைப்பது என்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இரண்டு முறை எழுதிச் சொதப்பி, மூன்றாவது முறை ஓரளவு தேறியவன்.

என் முதல் பிரதியில் தலைமையாசிரியர் வழுக்கி விழுவார், அவருடைய டோப்பா கழன்று உருளும். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டினேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆனால் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு சுற்றறிக்கை வரி வந்ததும் வகுப்பே சிரித்தது: ‘மறு அறிவிப்பு வரும் வரை விளையாட்டுப் பாடவேளை கிடையாது.’ கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான்: “அண்ணா, எங்களுக்கு அந்த மறு அறிவிப்பு மூணாங்கிளாஸ்ல இருந்தே வரல.”

டோப்பாவை அன்றைக்கே வெட்டி எறிந்தேன். சிரிப்பு அந்த விதிக்குள்ளேயே இருந்தது. பெரியவர்கள் ஏனோதானோவென்று போட்ட விதியைப் பிள்ளைகள் ரொம்பத் தீவிரமாக எடுத்துக்கொண்டால் கதை தானாக ஓடும்.

படி 1: சின்ன விதியாகப் பிடியுங்கள்

‘கல்வி முறையையே மாற்றுவோம்’ என்று கிளம்பினால் நாவல் மூன்றாம் அத்தியாயத்தில் மேடைப் பேச்சாகிவிடும். நூலக அலமாரிக்குப் பூட்டு, வராந்தாவில் ஓடக்கூடாது, மதியம் மணி அடிக்கும் வரை தட்டைத் தொடக்கூடாது, இந்த அளவு போதும்.

நான் எடுத்துக்கொண்டது கணக்கு டீச்சர் கடன் வாங்கும் பி.டி. பீரியட். தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 2023-இல், அப்போது விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியட்டை மற்ற பாடங்களுக்குக் கடன் வாங்காதீர்கள் என்று மேடையிலேயே கேட்டுக்கொண்டது செய்தியானது. அமைச்சர் கேட்டே தீராத வழக்கு என்றால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல எதிரி கிடைக்காது.

படி 2: விதியில் ஓட்டை தேடுங்கள்

விதி நியாயமில்லை என்று வாசகரிடம் நீங்கள் சொல்லக் கூடாது. விதியே அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். எனக்கு இதில் பாடம் சொன்னது ஓர் உண்மை வழக்கு. 1965 டிசம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டெ மாய்ன் நகரத்து மாணவர்கள் சிலர் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புத் துணிப்பட்டை கட்டிவர முடிவு செய்தார்கள். சேதி கசிந்ததும் பள்ளித் தலைமையாசிரியர்கள் கூடி, பட்டை கட்டுவதற்கு முந்திக்கொண்டு தடை போட்டார்கள். மீறிக் கட்டிவந்து நடவடிக்கைக்கு ஆளானவர்களில் மேரி பெத் டிங்கருக்கு வயது 13, படித்தது எட்டாம் வகுப்பு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1969-இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் மாணவர்கள் ஜெயித்தார்கள்.

தீர்ப்பில் ஒரு விவரம் இருக்கிறது. அந்த ஊர்ப் பள்ளிகளில் தேர்தல் பிரசார பேட்ஜ் குத்திக்கொண்டு வந்தவர்கள் உண்டு, நாஜிகளின் சின்னமாகப் பார்க்கப்பட்ட ஜெர்மானிய இரும்புச் சிலுவையை மாட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அதற்கெல்லாம் தடையில்லை. தடை ஒரு முழக் கறுப்புத் துணிக்கு மட்டும். நான் சொல்லும் ஓட்டை இதுதான்.

என் கதையின் ஓட்டை சுவரில் ஒட்டிய கால அட்டவணை. அதில் வாரம் இரண்டு பி.டி. பீரியட் பச்சை மையில் அழகாக எழுதியிருக்கும். கல்வி அதிகாரி ஆய்வுக்கு வரும்போது எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள்.

படி 3: எதிராளிக்கும் ஒரு நியாயம் கொடுங்கள்

செல்வராணி டீச்சர் (என் கற்பனைதான்) கெட்டவர் இல்லை. பாடம் முடியவில்லை, பருவத் தேர்வு வருகிறது, மார்க் குறைந்தால் அவரைத்தான் கேட்பார்கள். பி.டி. சார் பகுதிநேர ஆசிரியர். அரசு 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு 16,549 பேரை நியமித்தது, வாரம் மூன்று அரை நாள் வேலை என்று. அப்படி வருகிற மூன்று அரை நாளிலும் அவருடைய பீரியட் போய்விடுகிறது. வேப்பமரத்தடியில் பந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த ஒரு காட்சியை எழுதியபோது எனக்கே சிரிப்பு நின்றுபோனது. நிற்கட்டும், பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை அப்படி நின்றால் அடுத்த சிரிப்பு இன்னும் பலமாக வரும்.

படி 4: படை திரட்டுங்கள்

நான்கு பேருக்கு மேல் வேண்டாம். எல்லோரும் ஒரே காரணத்துக்காகப் போராடவும் வேண்டாம். கவினுக்குக் கால்பந்து வேண்டும். நஸ்ரினுக்கு விளையாட்டே பிடிக்காது, ஆனால் கணக்குத் தப்பாக இருந்தால் தூக்கம் வராது. முத்துலட்சுமிக்கு மனு எழுதப் பிடிக்கும், ‘மேற்படி’ என்ற சொல்லை எப்படியாவது நுழைத்துவிடுவாள். தினேஷ் மற்ற மூன்று பேரும் இருப்பதால் இருக்கிறான்.

படி 5: ஏணியைக் கட்டுங்கள்

புதிதாக எழுதுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். முதல் அத்தியாயத்திலேயே பிள்ளைகளை மறியலில் உட்கார வைத்துவிட்டால், அப்புறம் நூற்றைம்பது பக்கத்துக்கு என்ன செய்வது? ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். அந்தப் படிகள் நிஜத்தில் இருப்பவையாக இருக்கட்டும்.

முதலில் வகுப்பாசிரியரிடம் வாய்வார்த்தை. அடுத்து எச்.எம்.முக்கு மனு. அதற்கு மேல் பள்ளி மேலாண்மைக் குழு. 2009-இன் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நகைச்சுவை எழுதுகிறவருக்கு இது லட்டு மாதிரி. ஏனென்றால் என் கதையில் குழுத் தலைவி கவினின் அம்மா. வீட்டில் “ஆடுனது போதும், உள்ள வா” என்று தினமும் கத்துபவர், கூட்டத்தில் “மாணவர்களின் விளையாட்டு நேரம் குறித்து” என்ற தீர்மானத்தை வாசித்தாக வேண்டும்.

அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். நான்கு பேர் பத்து ரூபாய் திரட்டுவதே ஓர் அத்தியாயம். முப்பது நாள் என்பது கதைக்குக் கடிகாரம், ஏனென்றால் ஆண்டுத் தேர்வு நெருங்குகிறது.

குழந்தைகள் இதையெல்லாம் செய்வார்களா என்று யாராவது கேட்டால் லக்னோவைக் காட்டுங்கள். 2012-இல் அங்கே ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, காந்திக்கு ‘தேசத் தந்தை’ பட்டத்தை எந்த ஆணைப்படி கொடுத்தீர்கள் என்று இந்தச் சட்டத்தில் பிரதமர் அலுவலகத்தைக் கேட்டாள். பிரதமர் அலுவலகம் அதை உள்துறை அமைச்சகத்துக்குத் தள்ளியது, உள்துறை தேசிய ஆவணக் காப்பகத்துக்குத் தள்ளியது, காப்பகம் அப்படி ஓர் ஆவணம் எங்களிடம் இல்லை என்றது. பத்து வயதுப் பிள்ளையின் ஒரு கேள்விக்கு மூன்று அலுவலகங்கள். இதைவிடச் சிரிப்பான துரத்தல் காட்சியை நான் கற்பனையில் எழுதிவிட முடியாது.

படி 6: ஒரு காட்சியைக் கிட்டத்தில் வைத்து எழுதுங்கள்

நாவலின் நடுவில் எல்லோரும் காத்திருக்கும் ஒரு காட்சி வேண்டும். எங்கள் ஏழாம் வகுப்புக் கணக்கில் மூன்றாம் பருவத்தில் தனிவட்டி வருகிறது. டீச்சர் நடத்தி முடித்த மறுநாளே நஸ்ரின் அதை அவர்மீதே பிரயோகிக்கிறாள்:

“டீச்சர், ஜூலையில இருந்து டிசம்பர் வரைக்கும் நீங்க வாங்கின பி.டி. பீரியட் 26.”

“வாங்குனதா? நான் எங்கடி வாங்குனேன்?”

“‘இன்னைக்கு மட்டும் கடன் குடுங்க சார்’னு 26 தடவை கேட்டீங்க டீச்சர். தேதி எழுதி வச்சிருக்கேன். வருஷத்துக்கு 12 சதவீதம் வட்டி, ஆறு மாசம். 26-ஐ அரையால பெருக்கி, 12-ஆல பெருக்கி, நூறால வகுத்தா 1.56 பீரியட். நாப்பது நிமிஷ பீரியட்னா 62 நிமிஷம் சொச்சம். மேற்படி நிமிஷத்தை…”

“மேற்படியா?”

“அது முத்துலட்சுமி எழுதுனது டீச்சர்.”

டீச்சர் தாளை வாங்கினார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். ‘26 பீரியட்டையும் முதல் நாளே கடன் வாங்கவில்லை. ஆறு மாதத்தில் பரவலாக வாங்கியது. வட்டி ஏறக்குறைய பாதிதான் வரும்: 0.78’ என்று எழுதி, அரை மார்க் குறைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

மனுவைத் திருத்திக் கையெழுத்தும் போட்டுவிட்டோம் என்பது ஸ்டாஃப் ரூமுக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

இந்தக் காட்சியில் யாரும் ஜோக் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். டீச்சர் ஒரு நல்ல டீச்சர், தப்பைப் பார்த்தால் திருத்தாமல் இருக்க முடியாது. அவர் மாட்டிக்கொண்டது அந்தக் குணத்தால். உரையாடலைப் பேச்சு வழக்கிலேயே விடுங்கள். “ஆசிரியை அவர்களே, தாங்கள்” என்று ஒரு பிள்ளை பேசினால் புத்தகம் மூடப்படும்.

படி 7: முழு வெற்றி வேண்டாம்

பள்ளி விதிகள் மாறும்போது எப்படி மாறுகின்றன என்று பாருங்கள். 2025-இல் தமிழ்நாட்டில் வகுப்பறை பெஞ்சுகளை ‘ப’ வடிவில் போடச் சொன்னார்கள், கடைசி பெஞ்ச் என்றே ஒன்று இருக்கக் கூடாது என்று. கழுத்து வலிக்கும் என்று உடனே எதிர்ப்பு கிளம்பியது. நல்ல எண்ணம்கூட நேராக வந்து சேருவதில்லை, உங்கள் முடிவும் கொஞ்சம் கோணலாக இருக்கட்டும்.

முடிவை எழுதியதும் ஒரு வகுப்பில் சத்தமாக வாசியுங்கள். பெரியவர்கள் சிரிக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, பிள்ளைகள் சிரிக்கும் இடத்தில் ஒரு வட்டம். புள்ளி மட்டும் விழுந்த வரிகளை எடுத்துவிடுங்கள். எனக்கு நாற்பது பக்கம் போனது.

என் கதையில் எச்.எம். ஒருவழியாக வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்டைத் திருப்பிக் கொடுக்கிறார். பி.டி. சார் பந்துக்குக் காற்றடித்துக் கொண்டுவருகிறார். பிள்ளைகள் வாசலைத் தாண்டவும் மழை பிடிக்கிறது. வராந்தாவில் நின்றபடி தினேஷ் முதல்முறையாகத் தானாக ஒன்று கேட்கிறான்: “இந்த பீரியட்ட யார் கணக்குல எழுதுறது?” நஸ்ரின் நோட்டைத் திறக்கிறாள்.