ஒரே டிவி இருக்கிற வீட்டில் சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீரியல் ஓட்டுவது எப்படி

முதலில் நேரம். எங்கள் வீடு சென்னை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. ஒரு ஹால், ஒரு டிவி, ராத்திரி பத்து மணி வரைக்கும் ரிமோட் அம்மா கையில். அதற்குச் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. பத்துக்கு மேல் "ஒரே ஒரு முக்கால் மணி நேரம்மா" என்று கேளுங்கள், கிடைக்கும். கூட்ஸ் வண்டி போகும்போது நிறுத்திவிட்டு, போனதும் மறுபடி ஓட்டுங்கள்.

அப்புறம், எதைப் போடுவது. ரசிகர்கள் சொதப்புவது இங்கேதான். யாரைக் கேட்டாலும் "மொதல்லேர்ந்து பாரு மச்சான், மொத சீசன் கொஞ்சம் மொக்கையாத்தான் இருக்கும், பல்லைக் கடிச்சிக்கினு தாண்டிட்டா அப்பால வேற லெவல்" என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்க இதென்ன ஊசி போடுகிற இடமா? விண்கப்பலில் ஊர் சுற்றுகிற ஆட்களின் கதை, 1987-ல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்', மொத்தம் 178 எபிசோடு, முதல் சீசன் சுமார்தான் என்று தீவிர ரசிகர்களே ஒத்துக்கொள்வார்கள், ஆனாலும் புதிதாக வருகிறவனைப் பிடித்து அதில்தான் தள்ளுவார்கள். 'டாக்டர் ஹூ' என்கிற பிரிட்டிஷ் சீரியலை 1963-லிருந்து பார் என்கிறவனை நம்பவே நம்பாதீர்கள், அந்தக் கால டேப்புகளை பிபிசியே அழித்துவிட்டதில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் இன்றைக்குக் கைவசம் இல்லை. அதற்குப் பதில் அதே சீரியலில் 2007-ல் வந்த 'ப்ளிங்க்' எபிசோடைப் போடுங்கள். நீங்கள் கண் சிமிட்டினால் கல் சிலை நகரும். முன்கதை எதுவும் தெரிய வேண்டாம், சீரியலின் ஹீரோவான டாக்டரே அதில் கொஞ்ச நேரம்தான் வருவார்.

நான் அம்மாவுக்குப் போட்டது நெக்ஸ்ட் ஜெனரேஷன் இரண்டாவது சீசனில், 1989-ல் வந்த 'த மெஷர் ஆஃப் எ மேன்'. ஏன் என்றால் அது கோர்ட் கதை, கோர்ட் சீன் என்றால் நம் வீடுகளில் யாரும் எழுந்து போக மாட்டார்கள். டேட்டா என்று ஒரு இயந்திர மனிதன், கப்பலில் அதிகாரி. அவனைப் பிரித்துப் பார்த்து அதே மாதிரி நிறையச் செய்யலாம் என்று ஒரு விஞ்ஞானி வருகிறான். டேட்டா ராஜினாமா செய்கிறேன் என்கிறான். ராஜினாமா செய்ய இவன் என்ன ஆளா, நம்ம சாமான்தானே என்று வழக்கு. கேப்டன் பிக்கார்ட் அவனுக்காக வாதாட, எதிர்ப்பக்கம் கூடவே வேலை செய்யும் ரைக்கர் நின்றாக வேண்டும், மறுத்தால் விசாரணையே இல்லாமல் டேட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பு. ரைக்கர் பேசிக்கொண்டே போய் டேட்டாவின் முதுகுப் பக்கம் கையை வைத்து ஸ்விட்சை அணைக்கிறார், அவன் அப்படியே மேஜைமேல் சரிகிறான்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. "அடப்பாவிங்களா, கூட குந்தி துன்றவனையே இப்டி செய்ய வெச்சிட்டாங்களே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கு சம்பளம் தராங்களாடா?" என்றார். நான் முழித்தேன். "சம்பளம் இல்லாம உழைக்கும்னா, நெறைய செஞ்சி வெச்சிக்கலாம்னுதான் தோணும்." அடுத்த சீனில் கப்பலின் பாரில் இருக்கும் கைனன் பிக்கார்டிடம் சுற்றிவளைத்துச் சொல்வது இதையேதான்.

மொழிபெயர்ப்பு உங்கள் பொறுப்பு. மிஷின் வார்த்தைகளை அப்படியே ஒப்பிக்காதீர்கள். 'பாசிட்ரானிக் மூளை' வந்தால் "மண்டைக்குள்ள மிஷின்" என்று சொல்லிவிட்டு நகருங்கள், நீளமாக ஏதாவது வந்தால் "இன்ஜின் ரிப்பேர்" போதும், ஆட்கள் ஒருவருக்கொருவர் பேசுவதை மட்டும் ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

குறை சொல்கிறவர்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். என் தம்பி ரகம் ஒன்று: "காத்தே இல்லாத எடத்துல வெடிச் சத்தம் எப்டி கேக்குது?" சரிதான், கேட்காது. ஆனால் தெருக்கூத்தில் துரியோதனன் தலையில் இருப்பது கட்டைக் கிரீடம் என்று தெரிந்தேதான் விடிய விடிய உட்காருகிறோம். கதை தானே போட்ட விதியைத் தானே மீறினால் அது தப்பு, அப்போது தம்பியோடு சேர்ந்து நானும் கத்துவேன். மற்றதை விடுங்கள். 1966-ல் வந்த முதல் ஸ்டார் ட்ரெக்கில் ஆட்கள் மின்னி மறைந்து கிரகத்தில் போய் நிற்பதே, வாராவாரம் கப்பலைத் தரையிறக்கிக் காட்டக் காசில்லாததால் பிறந்த யோசனைதான்.

இன்னொரு ரகம் "சின்னப் பசங்க சமாச்சாரம்" என்று ஒரே வரியில் முடித்துவிடும். இதற்குத் தியோடர் ஸ்டர்ஜன் என்ற எழுத்தாளர் 1950-களிலேயே பதில் சொல்லிவிட்டார்: சயின்ஸ் ஃபிக்‌ஷனில் தொண்ணூறு சதவீதம் குப்பைதான், ஆனால் எதை எடுத்தாலும் தொண்ணூறு சதவீதம் குப்பைதான். பத்து மணிக்கு முன்னால் ஓடுகிற சீரியல்களையும் இதே தராசில் வைக்கலாம், அம்மா காதில் விழாமல்.

ரசிகர்களை ஒரேயடியாகத் திட்டவும் மனசு வரவில்லை. அந்த முதல் ஸ்டார் ட்ரெக்குக்கு மூன்றாவது சீசன் கிடைத்ததில் சேனலுக்குக் கடிதம் போட்ட ரசிகர்களுக்குப் பெரிய பங்கு உண்டு (சேனல் அதை வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் தள்ளி, 1969-ல் முடித்தும் விட்டது, அது வேறு கதை). 2018-ல் 'த எக்ஸ்பான்ஸ்' என்ற விண்வெளி சீரியல் நின்றபோது அமேசான் அலுவலகத்துக்கு மேலே விமானத்தில் பேனர் கட்டிப் பறக்கவிட்டார்கள், அமேசானும் எடுத்துக்கொண்டது. அந்த வெறிக்கு ஒரு கும்பிடு. ஆனால் அதே ஆள் பக்கத்தில் உட்கார்ந்து "இப்போ பாரு, இப்போ பாரு" என்றால் டீ வாங்க அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது எபிசோடை நீங்களாகப் போடாதீர்கள். அவர்களே கேட்கட்டும். எங்கள் வீட்டில் மூன்று நாள் ஆனது: "அந்த வெள்ள மூஞ்சிப் புள்ள இன்னாடா ஆனான்?" கேட்டதும் மூன்றாவது சீசனுக்குத் தாவி, 1990-ல் வந்த 'த ஆஃப்ஸ்ப்ரிங்' போடுங்கள். அதில் டேட்டா தனக்கு ஒரு மகளைச் செய்துகொள்கிறான். பக்கத்தில் ஒரு துண்டு வைத்துவிடுங்கள், அன்றைக்குப் பூண்டு வேண்டாம்.