குட்டி செயற்கைக்கோளுக்கு அலைவரிசை வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரிப் பிள்ளைகள் கியூப்சாட் என்னும் சின்னப் பெட்டி அளவு செயற்கைக்கோள் கட்டுவதைப் பார்க்க உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் நாங்கள் அன்றைக்கு விழுந்த அதே பள்ளத்தில் இவர்களும் வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. படிவத்தில் எண் மாறிப்போவதெல்லாம் திருத்திக்கொள்ளலாம், விடுங்கள்.

ரேடியோவை வாங்கிய பிறகு அலைவரிசை தேடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஒரு குழுவின் வடிவமைப்பைப் பார்க்கப் போயிருந்தேன். 437 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ பொருத்தியாயிற்று, 17 சென்டிமீட்டர் நாடா ஆன்டெனாவை மடித்துக் கட்டியாயிற்று, அதிர்வுச் சோதனைகூட முடிந்துவிட்டது. அனுமதி எங்கே என்றால், "அது அமெச்சூர் பேண்ட்தானே சார், எல்லாரும் அதுலதானே அனுப்புறாங்க" என்றார்கள். திட்டமோ பயிர்த் தரவை நிறுவனங்களுக்கு விற்பது! பண நோக்கம் இல்லாதவர்களுக்குத்தான் அமெச்சூர் சேவை என்று சர்வதேச ரேடியோ விதிகளின் வரையறையே சொல்கிறது, அதனால் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் சர்வதேச அமைப்பான ஐஏஆர்யூவிடம் அலைவரிசை ஒருங்கிணைப்புக்குப் போனால் முதலில் இந்தக் கேள்விதான் வரும்.

சரி, டெலிமெட்ரியை, அதாவது செயற்கைக்கோள் தன் நிலையைச் சொல்லி அனுப்பும் தரவை, அமெச்சூர் அல்லாத 401 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம் என்றால் ஆன்டெனா ஒன்றரை சென்டிமீட்டர்தான் நீளும், ஆனால் அதற்காக மடிப்பு, டியூனிங், தரைநிலையம், அதிர்வுச் சோதனை எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். உலக அலைவரிசைகளைக் கவனிக்கும் ஐநா அமைப்பான ஐடியூவில், இந்தச் செயற்கைக்கோள் வரப்போகிறது என்ற முன்னறிவிப்பு வெளியானதும் மற்ற நாடுகள் கருத்துச் சொல்ல மட்டுமே நான்கு மாதம். கூடுமானவரை இரண்டு வருடம் முன்பே தொடங்குங்கள் என்று விதியே சொல்கிறது. முதலில் எந்த அலைவரிசைப் பட்டை என்று முடிவு செய்யுங்கள், அப்புறம் ரேடியோ வாங்குங்கள்.

ஐடியூவுக்கு நேரடியாக எழுதுவது

நாட்டு நிர்வாகம் அனுப்பினால்தான் எடுப்பார்கள். இங்கே அது தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசி.

ஏவிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்பது

ஸ்வார்ம் என்ற அமெரிக்க நிறுவனம், தன் ஸ்பேஸ்பீ செயற்கைக்கோள்கள் கண்காணிக்க முடியாத அளவுக்குச் சின்னவை என்று அந்த நாட்டின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி அனுமதி மறுத்த பிறகும், 2018 ஜனவரியில் நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி40இல் அவற்றில் நான்கை அனுப்பியது. அபராதம் 9 லட்சம் டாலர்.

அணைக்க வழி வைக்காதது

தரையிலிருந்து கட்டளை போனதும் செயற்கைக்கோள் ரேடியோ அலை அனுப்புவது நின்றாக வேண்டும், சர்வதேச ரேடியோ விதிகளின் 22ஆம் பிரிவு அது. கட்டளை இருக்கிறது என்று பலரும் காட்டுவார்கள், ஆனால் பேட்டரி இறங்கி ரீசெட் ஆனதும் பீக்கன், அதாவது 'நான் இருக்கிறேன்' என்று விட்டுவிட்டு அனுப்பும் சிக்னல், தானாகவே மறுபடி கத்த ஆரம்பிக்கும். மேசையில் இருக்கும்போதே நிறுத்தச் சொல்லிவிட்டு, மின்சாரத்தைப் பிடுங்கி, திரும்பக் கொடுத்துப் பாருங்கள்.