செல்ஃப் அடிக்குது, ஆனா ஸ்டார்ட் ஆகல: பழைய காரை இன்னும் கெடுக்கிற தப்புங்க

தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் எந்தத் தெருவுல போனாலும் ஒரு சிட்டி கோல்ஃபோ டொயோட்டா டாஸோ இன்னும் நிக்கும். டாஸ் 2006லயும் சிட்டி கோல்ஃப் 2009லயும் தயாரிப்பு நின்னு போச்சு, ஆனா அதுலதான் இன்னும் எத்தனையோ வீட்ல வேலைக்கும் ஸ்கூலுக்கும் கோயிலுக்கும் போய்ட்டு வர்றாங்க. அந்த வண்டி ஒருநாள் காலைல செல்ஃப் நல்லா அடிச்சும் ஸ்டார்ட் ஆகலன்னா, பழுதை விட அதுக்கப்புறம் நாம பண்றதுதான் பல நேரம் செலவை இழுத்து விடுது, அதான் இதை எழுதுறேன்.

முதல் தப்பு, விடாம செல்ஃப் அடிக்கிறது. ஒரு தடவைக்கு 10 செகண்டுக்கு மேல வேண்டாம், நடுவுல ஒரு நிமிஷமாவது விடுங்க. இல்லன்னா ஸ்டார்ட்டர் மோட்டார் சூடாகும், பேட்டரி இறங்கும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஆயிலைக் கழுவி விட்டுடும், அப்புறம் கம்ப்ரெஷனும் குறைஞ்சு, சின்னப் பழுதா இருந்தது ரெண்டு பழுதா ஆயிடும்.

அடுத்து, எடுத்த எடுப்புல புது பேட்டரி வாங்குறது. இன்ஜின் வழக்கமான வேகத்துல சுத்துதுன்னா பேட்டரி மேல சந்தேகம் கடைசிலதான் வரணும். ஆனா இழுத்து இழுத்து மெதுவா சுத்துனா கதை வேற, செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் 9.6க்குக் கீழ போனா சுத்துறதுக்கு மட்டும்தான் கரண்ட் பத்தும், ஸ்பார்க்குக்குப் பத்தாது. ஒரு மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தா உடனே தெரிஞ்சிடும், நிக்கிற வண்டியில நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இறக்கத்துல தள்ளி ஸ்டார்ட் பண்றதும் இதே கணக்குதான், பேட்டரி வீக்கா இருந்தா உதவும், செல்ஃப் நல்லா சுத்துற வண்டியைத் தள்ளுறதுல இடுப்பு வலிதான் மிச்சம்.

பெட்ரோலா, ஸ்பார்க்கான்னு பிரிச்சுப் பார்க்காம பார்ட்ஸ் மாத்துறதுதான் எல்லாத்துலயும் பெரிய தப்புன்னு நான் நினைக்கிறேன். யாரோ சொன்னாங்கன்னு பிளக் மாத்துவாங்க, அப்புறம் காயில், அப்புறம் பம்ப், வண்டி அப்படியே நிக்கும். ஒரு பிளக்கைக் கழட்டிப் பாருங்க. பல தடவை செல்ஃப் அடிச்சதுக்கப்புறமும் முனை காய்ஞ்சு, பெட்ரோல் வாசமே இல்லன்னா பெட்ரோல் வரல. நனைஞ்சு வாசம் தூக்குதுன்னா பெட்ரோல் வருது, பத்த வைக்க ஸ்பார்க் இல்ல, இல்லாட்டி பெட்ரோல் அளவுக்கு மேல போய் ஓவர்ஃப்ளோ ஆயிருக்கு. ஓவர்ஃப்ளோன்னா ஆக்சிலரேட்டரை அடிக்கடி மிதிக்கிறது தப்பு, கார்புரேட்டர் வண்டியில ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ள போகும். சோக்கை விட்டுட்டு, பெடலை முழுசா அமுக்கிப் பிடிச்சபடி செல்ஃப் அடிங்க, காத்து உள்ள போய்க் காயும்.

ஸ்பார்க் பார்க்கிறதுக்கு ஒயரைக் கையில பிடிக்கவே பிடிக்காதீங்க, அதுல வர்றது ஆயிரக்கணக்கான வோல்ட். எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில ஒயரை அந்தரத்துல விட்டுட்டு செல்ஃப் அடிச்சா காயிலும் மாட்யூலும் போக வாய்ப்பு இருக்கு. இன்னொரு பிளக்கை ஒயர்ல மாட்டி, அதோட இரும்பு உடம்பை ஜம்பர் கேபிளால இன்ஜினோட சேர்த்து வச்சுட்டு தள்ளி நின்னு பாருங்க, பக்கத்துல சிந்துன பெட்ரோல் இருக்கக் கூடாது.

டர்பன் ஈரக் காத்துக்கு, ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டரோட மூடி, அதான் டிஸ்ட்ரிபியூட்டர் கேப், முதல் பலி. ராத்திரி மழை பெஞ்சு காலைல ஸ்டார்ட் ஆகலன்னா கேப்பைக் கழட்டி வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, உள்பக்கம் ஒரு முனையிலேர்ந்து இன்னொரு முனைக்கு பென்சில்ல கிழிச்ச மாதிரி மெலிசா ஒரு கறுப்புக் கோடு ஓடலாம், அப்படி இருந்தா கரண்ட் பிளக்குக்குப் போகாம அந்தக் கோட்டு வழியா ஓடிப் போகும். துடைச்சா அந்தக் கோடு போகாது, கேப் மாத்தணும். வெறும் ஈரம்தான்னா காஞ்ச துணியால துடைச்சாலே போதும். ஈரத்தை விரட்டுற கியூ20 ஸ்ப்ரே அடிக்கிறவங்க, அடிச்சதும் செல்ஃப் அடிக்காதீங்க, அது ஆவியாகி முடியட்டும், அந்த ஆவி பத்திக்கும்.

இன்ஜெக்ஷன் வண்டின்னா சாவியை ஆன் பண்ணிட்டு காதைத் தீட்டிக் கேளுங்க, பின்சீட் பக்கம் பம்ப் ரெண்டு செகண்ட் போல உறுமி நிக்கணும். சத்தம் வரலன்னா உடனே பம்ப் வாங்க ஓடாதீங்க, முதல்ல ஃப்யூஸ், ரிலே. பழைய ஹோண்டா பல்லேட்ல மெயின் ரிலேக்குள்ள சால்டர் (ஈயப் பத்த வைப்பு) விரிஞ்சு போறது ரொம்ப சகஜம், வெயில்ல நின்ன வண்டி ஸ்டார்ட் ஆகாது, சாயங்காலம் குளிர்ந்ததும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். சில ஃபோர்டுல பெரிய குழியில விழுந்தா பெட்ரோலை நிறுத்துற சுவிட்ச் இருக்கு, அதை அமுக்கி விட்டாலே சரியாகிடும்.

நம்ம ஊர்ல பலரும் மறக்கிறது இம்மொபிலைசர், அதாவது திருடன் வண்டியை ஸ்டார்ட் பண்ண முடியாம தடுக்கிற கருவி. இன்ஷூரன்ஸுக்காக எப்பவோ போட்டிருப்பாங்க, வண்டியை வாங்கினவங்களுக்கு அது எங்க இருக்குன்னே தெரியாது. அது இன்ஜினைச் சுத்த விட்டு பம்ப்பையோ ஸ்பார்க்கையோ மட்டும் வெட்டலாம், டேஷ்போர்டுல சின்ன லைட் விட்டு விட்டு மின்னுதான்னு பாருங்க, மின்னுனா அதுதான் தடுக்குதோன்னு சந்தேகப்படலாம், ரிமோட் பேட்டரி செத்துப் போனாலும் இதே கதைதான்.

இங்க பெட்ரோல் பங்க்ல நாம இறங்கிப் போடுறதில்ல, அட்டெண்டன்ட் போடுறார், அதனால கார்லேர்ந்தே சொல்லிட்டு போன்ல பேச ஆரம்பிச்சிடுறோம். பங்க்லேர்ந்து கிளம்பி கொஞ்ச தூரத்துல திணறி நின்னு அப்புறம் ஸ்டார்ட் ஆகலன்னா ரசீதுல டீசல்னு இருக்கான்னு பாருங்க. டீசல்னா அதோட செல்ஃப் அடிக்காதீங்க, டேங்கைக் காலி பண்ணியே ஆகணும்.

சாவியை ஸ்டார்ட்ல பிடிச்சிருக்கிற வரைக்கும் ஓடி, விட்டதும் அணைஞ்சா, பழைய வண்டியில பாலாஸ்ட் ரெசிஸ்டரையும் (காயிலுக்குப் போற கரண்டைக் குறைக்கிற சின்ன பார்ட்) இக்னிஷன் சுவிட்சையும் பாருங்க.

ஒரே ஒரு சத்தத்துக்கு மட்டும் உடனே கையை எடுத்துடுங்க: இன்ஜின் எப்பவும் விட வேகமா, பாரமே இல்லாம வீரிட்டுச் சுத்துச்சுன்னா டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். சில இன்ஜின்ல பிஸ்டன் வால்வுல மோதி வளைச்சிடும், நீங்க அடிக்கிற ஒவ்வொரு செல்ஃபும் இன்ஜினோட தலையை (சிலிண்டர் ஹெட்) கழட்டுற செலவைக் கூட்டும். டோ போட்டு மெக்கானிக்கிட்ட கொண்டு போய், அந்தச் சத்தத்தை முதல்ல சொல்லுங்க, அவர் பெல்ட் கவரைத் திறந்து பார்த்துட்டுதான் மத்ததைத் தொடுவார்.